கேட்பதற்கு முன்பே கொடுத்த ரத்தம்

"அவசரம்! ஓ நெகட்டிவ் ரத்தம் இரண்டு யூனிட் வேண்டும். அம்மா ஐசியூவில் இருக்கிறார். முடிந்தவரை பகிருங்கள்."

இப்படி ஒரு செய்தி வந்து விழாத வாட்ஸ்அப் குழுவே நம் ஊரில் கிடையாது. பார்த்ததும் மனசு பதறுகிறது. நமக்கு அந்த வகை இல்லையென்றால் நாலு குழுவுக்குத் தள்ளிவிடுகிறோம். செய்தியில் பெரும்பாலும் தேதி இருக்காது. அந்த அம்மா குணமாகி வீடு திரும்பி மாதக்கணக்கான பிறகும் அது ஊர் ஊராகச் சுற்றும். அதில் தன் எண்ணைக் கொடுத்த பையன், நேரம் காலம் இல்லாமல் வரும் அழைப்புகளுக்கு "கிடைச்சிடுச்சுங்க, ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோவான்.

அனுப்புகிறவர்களைக் குறை சொல்லவில்லை. வேறு வழி தெரியாத குடும்பம் அதைத்தான் செய்யும். ஆனால் அந்தச் செய்திக்குள் இன்னொரு தகவலும் இருக்கிறது: தேவைப்பட்ட நேரத்தில், தேவைப்பட்ட வகை, அந்த ரத்த வங்கியில் இருப்பில் இல்லை. ரத்ததானம் என்றதும் நம்மில் பலர் நினைப்பது, யாரோ உயிருக்குப் போராட நாம் ஓடிப்போய்க் கை நீட்டுவதைத்தான். நிஜத்தில், ஓட வேண்டிய தேவையே வராதபடி முன்கூட்டியே குளிர்பெட்டியில் காத்திருக்கும் பைதான் பெரும்பாலும் உயிரைக் காக்கிறது. அந்தப் பை எப்படி அங்கே வருகிறது, ஏன் சில சமயம் வருவதில்லை, அதில் உங்கள் பங்கு என்ன என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

அப்போதே எடுத்து அப்போதே ஏற்றினால் என்ன?

பழைய படங்களில் இரண்டு கட்டில் போட்டு, அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு நேராகக் குழாய் இணைப்பார்கள். இன்று அப்படி யாரும் செய்வதில்லை. உங்கள் கையிலிருந்து எடுத்த ரத்தம் முதலில் பரிசோதனைக்குப் போகும். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து நோய்களுக்கான சோதனை இந்தியாவில் கட்டாயம். ரத்த வகையை மறுபடி உறுதி செய்ய வேண்டும். அப்புறம் நோயாளியின் ரத்தத்தோடு கலந்து பொருத்தம் பார்க்க வேண்டும். அதைக் 'கிராஸ் மேட்சிங்' என்பார்கள். இதெல்லாம் முடியச் சில மணி நேரமாவது ஆகும். சாலை விபத்தில் ரத்தம் கொட்டிக்கொண்டு வருகிறவருக்கும், பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காத பெண்ணுக்கும் அந்தச் சில மணி நேரம் கிடையாது. அவர்களுக்கு ஏறுவது ஏற்கெனவே சோதித்து வைத்த பைதான்.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானது. அன்றிரவு பாலசோர் மருத்துவமனையில் ரத்தம் கொடுக்க உள்ளூர் இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரே இரவில் 500 யூனிட் சேர்ந்ததாக அம்மாநிலத் தலைமைச் செயலர் தெரிவித்தார். நெஞ்சைத் தொட்ட நிகழ்வு அது. ஆனால் வரிசை சேர்வதற்கு முன்பே, முதல் ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்கு ரத்தம் ஏற்றியாக வேண்டியிருந்திருக்கும். அந்த ரத்தத்தைக் கொடுத்தவர், விபத்து நடக்கப்போவது தெரியாமல் அதற்கு முன் ஏதோ ஒரு நாளில் வந்து படுத்து எழுந்து போனவர். அவர் படம் எந்தப் பத்திரிகையிலும் வந்திருக்காது.

சொந்தக்காரர் ரத்தம்தான் சுத்தமானது, வெளி ஆள் ரத்தம் வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. மருத்துவம் கிட்டத்தட்ட நேர்மாறாகச் சொல்கிறது. நெருங்கிய ரத்த உறவுள்ளவரின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்களை நோயாளியின் உடல் அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே தங்கி, நோயாளியின் உடலையே தாக்கத் தொடங்கலாம். அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்தால் பிழைப்பது கடினம். அதனால் உறவினர் ரத்தத்தை ஏற்ற வேண்டியிருந்தால் முதலில் அதைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துகிறார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள மனைவிக்குக் கணவர் ரத்தம் கொடுப்பதையும் மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்வார்கள். கணவரின் அணுக்களுக்கு எதிராக மனைவியின் உடலில் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகிவிட்டால், பின்னால் வயிற்றில் வளரும் குழந்தையை அவை பாதிக்கக்கூடும்.

1921-இல் செய்ததையே இன்னும் செய்கிறோம்

ஆபத்து வந்தபின் ஆளைத் தேடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது ஒரு காலத்தில் நியாயமான ஏற்பாடாகத்தான் இருந்தது. 1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் மனித ரத்தம் எல்லாம் ஒன்றல்ல, அதில் வகைகள் உண்டு என்று கண்டு எழுதினார். அதற்கு முன் ரத்தம் ஏற்றுவது ஏறத்தாழ சூதாட்டம். அவருக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14-தான் இன்று உலக ரத்ததான நாள்.

வகை தெரிந்துவிட்டது, ஆனால் ரத்தத்தைச் சேமித்து வைக்கும் வசதி பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. 1921-இல் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் செஞ்சிலுவைச் சங்கச் செயலராக இருந்த பெர்சி ஆலிவருக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து அவசரமாக ரத்தம் கேட்டுத் தகவல் வந்தது. அவரும் சில தன்னார்வலர்களும் போனார்கள். இந்தத் தேவை மறுபடி மறுபடி வரும் என்று புரிந்துகொண்ட ஆலிவர், வகை பார்த்து வைத்த ஆட்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். மருத்துவமனை அழைத்தால் பட்டியலில் உள்ளவர் கிளம்பிப் போவார். தன்னார்வ ரத்தக் கொடைக்கான முதல் அமைப்பு என்று அதைத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு அது மிகப் பெரிய முன்னேற்றம்.

பிறகு சிட்ரேட் சேர்த்து ரத்தம் உறையாமல் காப்பதும், குளிரில் வைப்பதும் கைவந்தன. 1937-இல் சிகாகோவின் குக் கவுன்டி மருத்துவமனையில் பெர்னார்ட் ஃபான்டஸ் ரத்தச் சேமிப்புக் கூடம் ஒன்றைத் தொடங்கி அதற்கு 'பிளட் பேங்க்' என்று பெயர் வைத்தார். அதோடு ஆளைத் தேடி ஓடும் காலம் முடிந்திருக்க வேண்டும். குளிர்பெட்டி வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, நாம் இன்னமும் ஆலிவரின் பட்டியலைத்தான் வாட்ஸ்அப்பில் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

'ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க'

ரத்தம் மூன்று வழிகளில் வரும். யாருக்கு என்று தெரியாமல், கேட்காமலே கொடுப்பது தன்னார்வக் கொடை. 'அப்பாவுக்கு ரெண்டு யூனிட் ஏத்தணும், பதிலுக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க' என்று மருத்துவமனை கேட்க, குடும்பம் ஆள் பிடித்துக் கொண்டுவருவது மாற்றுக் கொடை. பேச்சு வழக்கில் 'ரீப்ளேஸ்மென்ட்'. மூன்றாவது, காசுக்கு விற்பது.

மூன்றாவது வழியை இந்தியாவில் சட்டம் மூடிவிட்டது. 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. பணத்துக்காகக் கொடுப்பவர் தன் நோயைச் சொல்ல மாட்டார், சொன்னால் அன்றைய வருமானம் போய்விடும் என்பதுதான் முக்கியமான கவலை. அந்தக் கவலைக்கு ஒரு முன்கதை உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் எச்ஐவி பரவியிருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தின் வழியாகவும் பரவும் நோய் நம் ஊருக்குள்ளேயே இருக்கிறது என்றான பிறகு, யாரிடமிருந்து ரத்தம் வாங்குகிறோம் என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை.

இரண்டாவது வழி பார்க்க நியாயமாகத் தெரியும். எடுத்துக்கொண்டதைத் திருப்பி வைக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதானே? ஆனால் யார் மீது சுமை விழுகிறது என்று பாருங்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்திருக்கிறது என்று வையுங்கள். ஊரில் தெரியாத ஆளில்லை, சென்னையில் தெரிந்த ஆள் ஒருவர் இல்லை. நோயாளியைப் பார்ப்பதா, ஆளைத் தேடுவதா? இந்த நெருக்கடியில்தான் 'நான் ஏற்பாடு பண்றேன்' என்று ஒருவர் வாசலில் வந்து நிற்பார். அவர் கூட்டிவரும் ஆளை 'மச்சினன்' என்று படிவத்தில் எழுதுவார்கள். சட்டம் மூடிய கதவு இப்படித்தான் பின்பக்கமாகத் திறக்கிறது.

நிஜமான மச்சினன் வந்தாலும் சிக்கல் தீராது. இரண்டு மாதத்துக்கு முன் மஞ்சள் காமாலை வந்திருக்கும். அல்லது வெளியே சொல்ல முடியாத ஒன்று இருக்கும். அக்கா எதிரில் அழுதுகொண்டு நிற்கும்போது 'நான் கொடுக்கக் கூடாது' என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிடுவார். பரிசோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். தொற்று உடலில் நுழைந்து சோதனையில் தெரியவரும் வரை ஓர் இடைவெளி உண்டு. அந்த நாட்களில் சோதனை 'ஒன்றுமில்லை' என்றே சொல்லும். அந்த இடைவெளியில் நம்மைக் காப்பாற்றுவது கொடுப்பவரின் உண்மைப் பேச்சு மட்டும்தான். எந்தக் கட்டாயமும் இல்லாமல் வருபவருக்குப் பொய் சொல்லக் காரணமே இல்லை. தன்னார்வக் கொடைதான் பாதுகாப்பானது என்று சொல்வதன் அடிப்படை இதுவே.

இது எட்டாத கனவும் அல்ல. பக்கத்திலேயே இலங்கை 2014-இல் முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளர்களின் ரத்தத்தை மட்டுமே நம்பும் நிலையை எட்டியது. அங்கே நோயாளியின் வீட்டாரிடம் 'ஆள் கொண்டு வா' என்று கேட்பதில்லை. போரும் பொருளாதாரத் தட்டுப்பாடும் பார்த்த நாடு அதைச் செய்திருக்கிறது. இந்தியாவின் 2002-ஆம் ஆண்டு தேசிய ரத்தக் கொள்கையும் மாற்றுக் கொடையைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. கொள்கை இருக்கிறது, ஆட்கள் போதவில்லை.

ஒரு பையும் மூன்று கெடுதேதிகளும்

நீங்கள் கொடுத்த ரத்தம் அப்படியே ஒரு நோயாளிக்கு ஏறுவது இன்று குறைவு. எடுத்த சில மணி நேரத்துக்குள் பையை ஒரு சுழல் எந்திரத்தில் வைத்துச் சுற்றுவார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும், வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி மேலே நிற்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் ('பிளேட்லெட்') தனியே பிரிக்கலாம். சிவப்பணு ரத்தசோகைக்கும் ரத்த இழப்புக்கும், தட்டணு புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, பிளாஸ்மா ரத்தம் உறையாத சிக்கல்களுக்கு என்று ஆளுக்கு ஒன்றாகப் போகும். ஒரு பை மூன்று உயிரைக் காக்கும் என்று போஸ்டர்களில் போடுவது இதை வைத்துத்தான். எனக்கு அந்தக் கணக்கில் முழு உடன்பாடு இல்லை. பிரசவத்தில் அதிக ரத்தம் இழந்த ஒரு பெண்ணுக்கே பல பைகள் போகும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டு முழுக்க ஏற்ற வேண்டும். நீங்கள் கொடுப்பது பல பேரின் பைகளோடு சேர்ந்துதான் ஓர் உயிரைக் காக்கிறது என்பதே நிலவரத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

இந்த மூன்றுக்கும் ஆயுள் வேறு வேறு. பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஓராண்டு இருக்கும். சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தால், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 35 நாள் அல்லது 42 நாள். தட்டணுவின் ஆயுள் வெறும் 5 நாள். அதையும் குளிரில் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். சோதனையிலேயே ஒரு நாள் ஓடிவிட்டால் மிச்சம் நாலு நாள்.

(டெங்குக் காலத்தில் 'கவுன்ட் ஐம்பதாயிரத்துக்கு இறங்கிடுச்சு, பிளேட்லெட் ஏத்துங்க' என்று வீட்டார் மருத்துவரை நெருக்குவதைப் பார்க்கிறோம். ரத்தக் கசிவு இல்லாத நோயாளிக்குப் பொதுவாகப் பத்தாயிரத்துக்குக் கீழே போனால்தான் அந்தப் பேச்சே வரும். தேவையில்லாமல் ஏற்றிய பை, தேவைப்பட்ட இன்னொருவருக்குக் கிடைக்காமல் போன பை.)

இந்தக் கெடுதேதிகளைத் தெரிந்துகொண்டால் நம் ஊர் முகாம்களின் பெரிய குறை ஒன்று புரியும். நடிகர் பிறந்தநாள், தலைவர் பிறந்தநாள், நினைவுநாள் என்றால் ஒரே நாளில் 300 பேர் வந்து கொடுக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். தட்டணு அதே வாரம் கெட்டுவிடும். சிவப்பணு 42-ஆம் நாளோடு முடிந்தது. கொடுத்த ஆண்கள் மறுபடி கொடுக்க 90 நாள் காத்திருக்க வேண்டும். 42-க்கும் 90-க்கும் நடுவே சரியாக 48 நாள், ஒரு மண்டலம். அந்த ஒரு மண்டலமும் அலமாரியும் காலி, அந்த 300 பேரின் கையையும் தொட முடியாது. அதே 300 பேர் வாரத்துக்கு 25 பேராகப் பிரிந்து வந்தால், 12 வாரம் இடைவெளியே இல்லாமல் ஓடும். மாலை, மேடை, புகைப்படம் எதுவும் இருக்காது. ரத்த வங்கியில் வேலை செய்கிறவர்கள் விரும்புவது என்னவோ இந்த இரண்டாவது வழியைத்தான்.

யார் கொடுக்கலாம்

18 வயது முதல் 65 வயது வரை கொடுக்கலாம். முதல்முறை கொடுப்பவர் 60-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. எடை குறைந்தது 45 கிலோ. அந்த எடைக்கு 350 மி.லி. எடுப்பார்கள், 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மி.லி. வரை எடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. ஹீமோகுளோபின் 100 மி.லி. ரத்தத்துக்கு 12.5 கிராமாவது இருக்க வேண்டும்.

இந்த 12.5-தான் பலரைத் திருப்பி அனுப்புகிறது, குறிப்பாகப் பெண்களை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. கல்லூரி முகாமில் ஆர்வமாக வரிசையில் நின்ற பெண்கள், விரல் குத்திப் பார்த்ததும் முகம் வாடித் திரும்புவது வழக்கமான காட்சி. அப்படித் திரும்புவதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இலவசமாக ஒரு தகவல் கிடைத்திருக்கிறது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் எல்லாம் நல்லதுதான், சாப்பாட்டோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து இன்னும் நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும். ஆனால் எண்ணிக்கை ரொம்பக் கீழே இருந்தால் கீரை மட்டும் போதாது. மருத்துவரைப் பார்த்து மாத்திரை எடுக்க வேண்டும், ஏன் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் இருந்தாலே கொடுக்கக் கூடாது என்பது தவறான எண்ணம். மாத்திரையில் கட்டுக்குள் வைத்திருப்பவர்களில் பலர் கொடுக்கலாம், இன்சுலின் போடுகிறவர்கள் கூடாது. பச்சை குத்தியிருந்தால் ஓராண்டு பொறுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கொடுக்க வேண்டாம். மற்ற நோய், மருந்து, அறுவை சிகிச்சை எதுவானாலும் அங்கிருக்கும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், முடிவை அவர் எடுப்பார். எச்ஐவி இருக்குமோ என்ற சந்தேகத்தில், 'சோதனை பண்ணிச் சொல்லிடுவாங்களே' என்று ரத்தம் கொடுக்கப் போவது மட்டும் கூடவே கூடாது. அந்தச் சோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. இலவசம், விவரம் வெளியே போகாது.

"நான் ஓ பாசிட்டிவ், ஊரெல்லாம் கிடைக்கும், என்னோடது எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊரெல்லாம் ஓ பாசிட்டிவ் என்றால், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களிலும் நிறையப் பேர் அந்த வகையாகத்தானே இருப்பார்கள்? வேகமாகத் தீர்வதும் அதுதான். அரிய வகைகளின் சிக்கல் வேறு விதம். 1952-இல் மும்பையில் ஒய்.எம். பெண்டேயும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த 'பாம்பே' வகை, சாதாரணச் சோதனையில் ஓ மாதிரியே தெரியும். ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தமும் சேராது, இன்னொரு பாம்பே வகைக்காரர்தான் கொடுக்க முடியும். அவர்கள் பெயரைப் பதிந்து வைத்துக்கொண்டு அழைத்தால் வரச்சொல்வது சரியான ஏற்பாடு. ஆலிவரின் பட்டியல் இன்றும் உண்மையில் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

படுத்து எழும் வரை

காலியான வயிற்றோடு போகாதீர்கள். இட்லியோ சோறோ சாப்பிட்டு, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போங்கள். படிவம் நிரப்பியதும் எடை, ரத்த அழுத்தம், நாடி பார்ப்பார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுப்பார்கள். என்னைக் கேட்டால் மொத்த விவகாரத்திலும் அதிகம் வலிப்பது அந்தக் குத்துதான். பல முகாம்களில் அந்தத் துளியை நீல நிறக் காப்பர் சல்ஃபேட் கரைசலில் விடுவார்கள். துளி மூழ்கினால் ஹீமோகுளோபின் போதும். மேலேயே தயங்கி நின்றால் 'அடுத்த தடவை பார்க்கலாம்'.

அப்புறம் படுக்கை. கையில் ஒரு பந்தைக் கொடுத்து அழுத்தி அழுத்தி விடச் சொல்வார்கள். முழங்கை மடிப்பில் ஊசி. ஊசி முதல் பை எல்லாம் புதிது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவது. அதனால் கொடுப்பவருக்கு நோய் தொற்ற வழியே இல்லை. ரத்தம் இறங்கும் நேரம் பத்து நிமிடத்துக்குள்தான். பக்கத்தில் பை மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் உறையாமல் காக்கும் திரவத்தோடு ரத்தம் கலப்பதற்காக. முடிந்ததும் பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்துக் கொஞ்சம் உட்காரச் சொல்வார்கள். தயவுசெய்து உட்காருங்கள். சிலருக்கு, பெரும்பாலும் முதல்முறை வருபவர்களுக்கு, எழுந்ததும் தலை சுற்றும், வியர்க்கும். ரத்தம் போனதைவிட அதைப் பார்த்த படபடப்பே இதற்குப் பெரும்பாலும் காரணம். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று பைக்கை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புகிறவர்கள்தான் வாசலில் விழுகிறார்கள்.

உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். எடுப்பது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இழந்த நீர்ப்பகுதியை உடம்பு ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும், சிவப்பணுக்கள் திரும்பச் சில வாரங்கள் ஆகும். இரும்புச்சத்து முழுதாகத் திரும்ப இன்னும் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும், அதனால்தான் மூன்று நான்கு மாத இடைவெளி. ரத்தம் கொடுத்தால் குண்டாகிவிடுவோம், ஆண்மை போய்விடும் என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு. அன்று ஒருநாள் அந்தக் கையால் கனமான பொருள் தூக்க வேண்டாம், ஜிம்முக்குப் போக வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம். அவ்வளவுதான்.

"இலவசமாக் கொடுக்கிறோம், அவங்க காசுக்கு விக்கிறாங்களே?" என்ற கேள்வி முகாமுக்கு முகாம் வரும். நியாயமான கேள்வி. பைக்கும், ஐந்து சோதனைகளுக்கும், பிரிப்பதற்கும், குளிரில் காப்பதற்கும் செலவு இருக்கிறது. அந்தச் செலவுக்கு மட்டும் கட்டணம் வாங்கலாம் என்று அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள், புகார் கொடுங்கள். அந்தக் கோபத்தில் கொடுப்பதை நிறுத்தினால் மாட்டிக்கொள்வது படுக்கையில் இருப்பவர்.

எங்கே, எப்போது

முகாம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரத்த வங்கிக்கு நீங்களாகவே நடந்துபோய்க் கொடுக்கலாம். அருகில் எந்த ரத்த மையம் இருக்கிறது, எந்த வகை எவ்வளவு இருப்பு என்பதை மத்திய அரசின் 'ஈ-ரக்த்கோஷ்' தளத்தில் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் செய்தி வந்தாலும் பகிர்வதற்கு முன் அதிலுள்ள எண்ணை ஒருமுறை அழைத்து, இன்னும் தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

எப்போது போவது என்பதையும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் முகாம்கள் பெரும்பாலும் கல்லூரிகளை நம்பி நடக்கின்றன. தேர்வு முடிந்து கல்லூரி மூடினால் அந்த வரத்து நின்றுபோகிறது. ஏப்ரல் கடைசியும் மே மாதமும் அலமாரி இளைத்திருக்கும் காலம். விபத்துக்கும் பிரசவத்துக்கும் கோடை விடுமுறை கிடையாது. தீபாவளி, பொங்கல் வாரங்களும் அப்படித்தான். அதனால் ஜூன் 14-க்கோ, தேசியத் தன்னார்வ ரத்ததான நாளான அக்டோபர் 1-க்கோ காத்திருக்காமல், யாரும் போகாத ஒரு நாளாகப் பாருங்கள். போவதற்கு முன் ரத்த வங்கிக்கு ஒரு போன் போட்டு, "எனக்கு இந்த வகை, இப்போ வரலாமா, இல்ல கொஞ்ச நாள் கழிச்சு வரட்டுமா?" என்று கேளுங்கள். இருப்பு நிறைய இருக்கிறது, மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றால், நாள்காட்டியில் குறித்துக்கொண்டு மூன்று வாரம் கழித்துப் போங்கள்.